விண்டோஸ் 10-க்குப் பிறகு: லினக்ஸுக்கு மாறுவோர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. அதையொட்டி வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம், அதில் பல வகைகள் உண்டு. அதைப் பொதுவாகச் சொல்லும் இடங்களில் லினக்ஸ் மின்ட் 22 வரிசையை மனதில் வைத்தே சொல்கிறோம். உபுண்டு, சோரின் போன்ற மற்ற வகைகளில் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப். 6-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 இதில் ஓடாது என்று அறிவிப்பு வருகிறது. இப்படியே விட்டால் ஒருநாள் நின்றுவிடுமா? உடனே லினக்ஸுக்கு மாறத்தான் வேண்டுமா? – வாசகர், தென்காசி

பதில்: நிற்காது. நேற்று ஓடியது போலவே நாளையும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். வங்கிக் கணக்கு, யுபிஐ, மின்னஞ்சல் எல்லாம் அந்தக் கணினியில்தான் என்றால் அது சின்ன விஷயமல்ல.

அவசரப்படாமல் யோசிக்க ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புக்குப் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். விண்டோஸ் 10-இன் 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் பணம் இல்லை. வேண்டாம் என்றால் 30 டாலருக்கு ஈடான தொகை. இது 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு தரும். அந்த அவகாசத்தை லினக்ஸைச் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் 11 கேட்பது 8-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட். இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருள் இந்தச் சோதனைகளைத் தாண்டி 11-ஐ ஏற்றிவிடும், உங்கள் ஐ5-இல் ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுப் பதிப்பு மாறும்போதெல்லாம் மறுபடி பென் டிரைவும் கையுமாக உட்கார வேண்டியிருக்கும். கடைக்காரர் சில நூறு ரூபாய்க்கு "11 போட்டுத் தருகிறேன்" என்றால் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்.

எந்த இயங்குதளம் என்பதை முடிவு செய்யும் முன் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றுங்கள். அதற்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன், 240 அல்லது 256 ஜிபி போதும். பழைய டிஸ்கை வெளியே ஒரு யுஎஸ்பி கூட்டில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சுழலும் டிஸ்கிலேயே லினக்ஸைப் போட்டுவிட்டு "இதுவும் மெதுவாகத்தான் இருக்கிறது" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. தாமதம் டிஸ்கில் இருக்கிறது.

கேள்வி: லினக்ஸில் நூறு வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது? – வாசகர், ஈரோடு

பதில்: விண்டோஸிலிருந்து வருபவர் மின்ட் எடுப்பதே நல்லது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் வைஃபையும் கடிகாரமும் என்று கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 8 ஜிபி ரேம் இருந்தால் சினமன் பதிப்பு, 4 ஜிபி என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமில் மின்ட் எழுந்து நிற்கும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் உட்கார்ந்துவிடும். அதற்கு இயங்குதளத்தைக் குறை சொல்ல முடியாது, இன்றைய இணையதளங்களின் எடை அப்படி.

32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய கணினிகளுக்கு மின்ட் 22 கிடையாது. அவற்றுக்காக மெனக்கெடாதீர்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் குறைந்தது 2 மாதம் அதிலேயே இருங்கள். வாரம் ஒரு லினக்ஸ் மாற்றுகிறவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இன்ஸ்டால் செய்வதில் மட்டும் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார்.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் சோதித்துப் பார்க்க முடியுமா? படிப்படியாகச் சொல்லுங்கள். – வாசகி, திருநெல்வேலி

பதில்: முடியும், அப்படித்தான் தொடங்க வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பது முழுவதும் அழியும். மின்ட் இணையதளத்திலிருந்து, இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். இறங்கிய கோப்பு முழுமையானதா என்று பார்க்கும் வேலையைப் பலர் தவிர்க்கிறார்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மீது வலது கிளிக் செய்து கோப்பின் அடையாளமான ஷா-256 எண்ணை எடுத்து, இணையதளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பு இன்ஸ்டால் நடுவில் ஏதோ பிழை காட்டி நிற்கும், நீங்கள் டிஸ்கைச் சந்தேகித்துக் கொண்டிருப்பீர்கள்.

ரூஃபஸைத் திறந்து பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி ஸ்டார்ட் அழுத்துங்கள். எழுதும் முறை கேட்டால், முதலில் அது பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறை. அதிலிருந்து கணினி எழாவிட்டால் (பூட் ஆகாவிட்டால்) டிடி முறையில் மறுபடி எழுதுங்கள். டிடி முறையில் எழுதிய பென் டிரைவை மறுபடி விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

எதிலிருந்து எழுவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனு வர, கணினி தொடங்கும்போது டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9, அசூஸில் எஸ்கேப், ஏசரில் எஃப்12. ஏசரில் அந்த விசை பல நேரம் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைக்கப்பட்டிருக்கும். எஃப்2 அழுத்தி உள்ளே போய் எஃப்12 பூட் மெனுவை இயக்கிவிட்டு வர வேண்டும். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும். ஆனால் எப்போதோ இறக்கி வைத்த பழைய ஐஎஸ்ஓவைப் பயன்படுத்தினால் "ஷிம்" என்ற சொல் உள்ள ஒரு பிழையோடு கணினி அணைந்துவிடலாம். பழைய பூட் கோப்புகளைப் புதுப்பிப்புகள் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டன என்பதே காரணம். புது ஐஎஸ்ஓ இறக்கினால் தீரும்.

மின்ட் திரை வந்ததும் அழகு பார்க்க வேண்டாம், சோதியுங்கள். வைஃபை இணைகிறதா, யூடியூப் ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரை வெளிச்சம் விசையால் கூடிக் குறைகிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, பிரின்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா, ஹெச்டிஎம்ஐயில் டிவி வருகிறதா. வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள். பென் டிரைவிலிருந்து ஓடுகிறது, தடுமாறத்தான் செய்யும்.

வைஃபை பட்டியலே வரவில்லை என்றால், பழைய டெல், ஹெச்பி கணினிகளில் பிராட்காம் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) வேண்டும், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வரும். வெளியே வர எளிய வழி: கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மின்ட் அதை உடனே பிடித்துக்கொள்ளும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவரைக் காட்டும்.

கேள்வி: விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்தில் லினக்ஸும் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – வாசகர், சேலம்

பதில்: இன்ஸ்டால் செய்யும் 20 நிமிடத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. சிக்கல்கள் எல்லாம் அதற்கு முன் விண்டோஸ் பக்கம் செய்யாமல் விட்டவற்றால் வருபவை.

முதலில் பேக்கப். வெளி டிஸ்கில் ஒரு பிரதி, முக்கியமானவை இன்னொரு இடத்திலும். அடுத்து, டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர். "நான் அதைப் போடவே இல்லையே" என்பீர்கள், ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் தானாக இயங்கியிருக்கலாம். செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, பின் அணைத்துவிடுங்கள். எழுதிக்கொள்ளாமல் பயாஸில் கை வைத்தவர்களுக்கு அடுத்த முறை விண்டோஸ் நீலத்திரையில் அந்தச் சாவியைத்தான் கேட்கும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைக்க வேண்டும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம். அங்கே டிக்கை எடுத்துவிடுங்கள். இது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல, பாதி உறக்கம். அந்த நிலையில் உள்ள டிஸ்கை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. "டி டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை" என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இடம் ஒதுக்குவதை விண்டோஸிலேயே செய்யுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி மீது வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். 60 ஜிபி வேண்டுமென்றால் 61440 என்று போடுங்கள், அது எம்பியில் கேட்கிறது. 200 ஜிபி காலியிருந்தும் 5 ஜிபிக்கு மேல் குறைக்க முடியாது என்றால், நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் இருக்கிறது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயலுங்கள். கிடைத்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் காலியாகவே விடுங்கள்.

மின்ட் இன்ஸ்டாலர் டிஸ்கையே காட்டவில்லையா? பயாஸில் சாட்டா அமைப்பு ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். டெல்லில் இது சகஜம். ஏஹெச்சிஐ என்று மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாது. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் திறந்து சேஃப் பூட் டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டு, டிக்கை எடுத்துவிடுங்கள். வரிசை மாறக்கூடாது.

விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற பூட் முறையில் இருந்தால் பென் டிரைவையும் யுஇஎஃப்ஐ முறையில்தான் பூட் செய்ய வேண்டும். இன்ஸ்டாலரில் "விண்டோஸுக்குப் பக்கத்தில்" என்ற தெரிவு வந்தால் அதை எடுங்கள். "டிஸ்கை அழித்து" என்ற தெரிவு அதற்குக் கீழேயே இருக்கும், இரவு 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

பின்னர் என்றாவது விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு முடிந்து நேராக விண்டோஸுக்கே போனால், லினக்ஸ் அழிந்துவிடவில்லை. பயாஸில் பூட் வரிசையில் விண்டோஸ் முதலிடம் பிடித்திருக்கும், மறுபடி உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட்டின் பூட் பதிவு அந்தப் பெயரில்தான் இருக்கும். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடினால், விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: தமிழ்99 தட்டச்சுப் பழக்கம். விண்டோஸில் என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வைத்திருந்தேன். மின்ட்டில் தமிழ்99 தேர்வு செய்தும் புள்ளி தானாக விழவில்லையே? – வாசகி, மதுரை

பதில்: கீபோர்டு செட்டிங்ஸில் லேஅவுட் பட்டியலிலிருந்து தமிழ்99-ஐச் சேர்த்திருப்பீர்கள். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கு மட்டுமே அறிந்தது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி, ங-வுக்குப் பின் க வந்தால் ங-வுக்குப் புள்ளி என்ற 1999-ஆம் ஆண்டின் விதிகளெல்லாம் அதற்குத் தெரியாது. அதை நீக்கிவிடுங்கள்.

சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருட்கள் இரண்டையும் நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெதட் என்று தேடித் திறந்து, ஐபஸைத் தேர்வு செய்யுங்கள். லாக் அவுட் செய்து மீண்டும் நுழைவது கட்டாயம், இதை விட்டுவிட்டுத்தான் பலர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸ், இன்புட் மெதட், ஆட். பட்டியலில் சில மொழிகளே தெரியும், அடியில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் முழுப் பட்டியல் விரியும். தமிழ், அதற்குள் தமிழ்99. மாற்றிக்கொள்ள விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். அ, ம, ம, ஆ என்று தட்டிப் பாருங்கள். "அம்மா" என்று வந்தால் சரி.

அதே பட்டியலில் ஆங்கில ஒலிப்பில் தட்டும் பொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் வரிசைகளும் உள்ளன. அழகி, இ-கலப்பை மென்பொருட்களில் தட்டிப் பழகியவர்கள் பொனெட்டிக்கை எடுத்தால் ஓரிரு விசைகள் மாறியிருக்கும், ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். பாமினி எழுத்துருவின் விசை வரிசையில் அடித்துப் பழகிய யாழ்ப்பாண வாசகர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. அங்கே கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடிப்பீர்கள், இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடோ எழுத்துக்குப் பின்தான் கொம்பைச் சேமிக்கிறது. கீமேன் என்ற தட்டச்சு மென்பொருள் லினக்ஸுக்கும் உண்டு. அதன் தமிழ் விசைப்பலகைகளில் உங்கள் வரிசைக்கு நெருக்கமானதைத் தேடி எடுத்து, பென் டிரைவ் சோதனைக் கட்டத்திலேயே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: 20 ஆண்டுக் கட்டுரைகள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. லினக்ஸில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்துருவைப் போட்டால் போதுமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: அவசரத்துக்குப் போதும். டிடிஎஃப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் அழுத்தினால் தமிழ் தெரியும். ஆனால் அந்தக் கோப்புக்குள் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. கூகுளில் தேடினாலும் கணினியில் தேடினாலும் அகப்படாது, கைப்பேசியில் அனுப்பினால் படிக்க முடியாது. இயங்குதளம் மாறாவிட்டாலும் என்றாவது மாற்றியாக வேண்டியவை இவை. மாறும் சாக்கில் இப்போதே செய்துவிடுங்கள்.

இந்த வேலையை விண்டோஸ் இருக்கும்போதே முடிப்பது நல்லது. என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்றவை விண்டோஸுக்கானவை, மூல எழுத்துருவும் அங்கேதான் இருக்கிறது. முதலில் கோப்புகளை எழுத்துரு வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் பிரியுங்கள். பாமினிக் கோப்புக்கு வானவில் மாற்றியைப் போட்டால் புதுவிதக் குப்பைதான் கிடைக்கும். பெரும்பாலான மாற்றிகள் வெறும் உரையை மட்டுமே கையாளும். தடித்த எழுத்து, அட்டவணை, அடிக்குறிப்பு போய்விடும். கட்டுரை நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழென்று நினைத்து மாற்றிவைக்கும். அந்த இடங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை அழிக்கவே கூடாது. நூற்றுக்கணக்கில் இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் மாற்றும் வசதி உண்டு. நிரல் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் மொத்தமாக முடித்துத் தருவார்.

மாற்றிய பின் மெய்ப்பு பார்க்கும்போது ஸ்ரீ, க்ஷ, ஜ முதலில் பாருங்கள். அடுத்து "கௌ". பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்திருப்போம். மாற்றியபின் அது "கெள" என்று ளகரத்தோடு நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், "கௌதமர்" என்று தேடினால் கிடைக்காது. ஔ, ஒள இரண்டுக்கும் இதே கதை.

லத்தா, நிர்மலா எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை, மின்ட்டில் இருக்காது. அவற்றில் செய்த வேர்டு கோப்பு இங்கே லோஹித் அல்லது நோட்டோ எழுத்துருவில் திறக்கும், 40 பக்கம் 43 ஆகும். அச்சுக்குப் போகிற கோப்பை நோட்டோ செரிஃப் தமிழில் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள். எம்எஸ் ஆபீஸுக்கு மாற்றான லிப்ரே ஆபீஸில் இன்னொன்று: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைக் கொடுங்கள். அதன் பிறகே ஸ்டைல் பெட்டியில் தமிழுக்கான எழுத்துரு தனியாகத் தெரியும். அதைச் செய்யாமல் ஸ்டைலில் எழுத்தளவை 12 ஆக்கினால் ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது.

கேள்வி: பனியன் கம்பெனிக் கணக்கு. டேலி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன். 3 கணினியையும் லினக்ஸ் ஆக்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: மூன்றையும் ஆக்காதீர்கள். டேலி பிரைம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி மாலையில் அது மக்கர் செய்தால் யாரிடம் போவீர்கள்? டேலி உள்ள ஒன்றை விண்டோஸ் 11 ஓடும் கணினியாக மாற்றுங்கள், அல்லது நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு இருக்கும் வரை விண்டோஸ் 10-இலேயே ஓட்டுங்கள். டோக்கனும் அதிலேயே இருக்கட்டும். டோக்கன் டிரைவர் லினக்ஸுக்குக் கிடைத்தாலும் கையொப்ப மென்பொருள், பிரவுசர், டோக்கன் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும்; ஒன்று புதுப்பிக்கப்பட்டால் மற்றது முறைக்கும்.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், எக்செல் பட்டியல், ஜிஎஸ்டி தளத்தில் பார்வையிடுதல் என்று இருக்கும் மற்ற இரண்டையும் தாராளமாக மாற்றலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் சாதாரண எக்செல் கோப்புகளை நன்றாகவே திறக்கும். மேக்ரோ எழுதி வைத்த கோப்பு மட்டும் படுத்தும்.

16 ஜிபி ரேம் உள்ள கணினியானால் கணினிக்குள் இன்னொரு கணினிபோல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸ் ஏற்றி டேலி ஓட்டலாம். அதற்கும் தனி விண்டோஸ் உரிமம் வேண்டும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேனன் எல்பிபி 2900 பிரின்டர் மின்ட்டில் தெரிகிறது, அச்சு வரவில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: நம் ஊர்க் கடைகளில் பாதிக்கு இதுதான் சிக்கல். அந்த பிரின்டர் கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியை மட்டுமே பேசுகிறது. லினக்ஸுக்கான டிரைவர் பழையது. தனியாக ஒரு சேவை பின்னணியில் ஓட வேண்டும், புதுப்பித்த பிறகு நின்றுபோகும். வீட்டில் மாதம் பத்துப் பக்கம் அடிப்பவர் போராடிப் பார்க்கலாம். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் கடையில் வேண்டாம். அந்த பிரின்டருக்காக ஒரு விண்டோஸ் கணினியை வைத்துக்கொண்டு, லினக்ஸ் கணினிகளில் பிடிஎஃப் ஆக்கி அதற்கு அனுப்பி அடிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி1007, பி1008 வைத்திருப்பவர்களுக்குத் தீர்வு உண்டு. இவை தம்மை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். லினக்ஸில் ஹெச்பி பிரின்டர்களுக்கான ஹெச்பிஎல்ஐபி தொகுப்பின் ஹெச்பி டிவைஸ் மேனேஜர் பிளக்இன் ஒன்றைக் கேட்கும், இணையத்தோடு இருக்கும்போது அதை இறக்கவிடுங்கள். ஹெச்பிஎல்ஐபி பதிப்பு உயர்ந்தால் பிளக்இன்னும் அதே பதிப்புக்கு உயர வேண்டும், இல்லையென்றால் விளக்கு மட்டும் எரியும், தாள் நகராது.

எப்சன் எல் வரிசை மை டேங்க் பிரின்டர்கள் தொல்லை தருவதில்லை. பிரதர் நிறுவனம் தன் தளத்திலேயே லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் வைஃபை உள்ள, ஏர்பிரின்ட் என்று அட்டையில் போட்ட மாடலை எடுங்கள். அது டிரைவர் இல்லாமலே லினக்ஸில் அச்சடிக்கும், பெரும்பாலும் ஸ்கேனும் செய்யும்.

கேள்வி: மியூனிக் நகராட்சியே லினக்ஸுக்குப் போய்விட்டு விண்டோஸுக்குத் திரும்பியதாமே. பெரிய நகரத்தாலேயே முடியாதது நம்மால் முடியுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மியூனிக் 2003-இல் முடிவெடுத்தது, லிமக்ஸ் என்று தன் லினக்ஸுக்குப் பெயரும் வைத்தது. 2013-இல் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறியிருந்தன. 2017-இல் மாநகராட்சி மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. நடுவில் அரசியலும் இருந்தது. ஆனால் அன்றாடத் தொல்லை இயங்குதளத்தால் வந்ததைவிட, விண்டோஸுக்கென்றே எழுதிய துறை மென்பொருட்களாலும், வெளியிலிருந்து வரும் ஆவணங்களின் வடிவம் குலைந்ததாலும் வந்ததே அதிகம். அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 கணினிகளை மாற்றும் முடிவை அறிவித்தபோது, முதலில் லிப்ரே ஆபீஸ், இயங்குதளம் பிறகு என்று வரிசை வைத்துக்கொண்டது. அதுதான் சரியான வரிசை. நீங்களும் விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி, இங்க்ஸ்கேப் என்று பழகிவிட்டால், மாறும் நாளில் மாறுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. பாடப்புத்தகம், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாம் அதற்கேற்ப அமைந்ததால் அது நிலைத்தது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாட்டு இலவச லேப்டாப் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் என்ற லினக்ஸும் கொடுக்கப்பட்டது. பாஸ் பக்கமே போகாமல் கல்லூரி முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொடுத்த மென்பொருளும் நண்பனின் பென் டிரைவும் எந்தப் பக்கம் இருந்தன என்று சொல்வார்கள்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் வராது, பேக்கப் வேண்டாம் என்கிறார் நண்பர். சரியா? – வாசகி, திருச்சி

பதில்: விண்டோஸ் எக்ஸ்இ வைரஸ் லினக்ஸில் ஓடாது என்பது வரை சரி. போலி வங்கிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. மென்பொருளை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து மட்டும் எடுங்கள். யாரோ கொடுத்த கட்டளையை அர்த்தம் தெரியாமல் டெர்மினலில் ஒட்டாதீர்கள்.

மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது. இன்ஸ்டால் ஆன அன்றே திறந்து, வாரம் ஒன்று, இரண்டு பிரதி வைத்துக்கொள் என்று அமைத்துவிடுங்கள். புதுப்பிப்பு எதையாவது கெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டம் கோப்புகளை மட்டுமே காக்கும். உங்கள் போட்டோவும் கட்டுரையும் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடாது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும். பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது பட்டை முடிந்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம். எழுதும் வேலை பின்னால் நடந்துகொண்டிருக்கும், இஜெக்ட் கொடுத்து அனுமதி வந்தபின் எடுங்கள்.

கேள்வி: 3 மாதமாக மின்ட்தான். விண்டோஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எப்படி? – வாசகர், வேலூர்

பதில்: எடுக்கும் முன், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் ஒரு விண்டோஸ் பென் டிரைவ் செய்து வைத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்தே விண்டோஸோடு வந்த கணினிக்கு உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. பின்னால் வேண்டுமென்றால் எண் எதுவும் அடிக்காமல் மறுபடி நிறுவலாம்.

பிறகு மின்ட் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்கைப் பகுதி பிரிக்கும் ஜிபார்ட்டெட் செயலியைத் திறவுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மின்ட்டிலிருந்தே தன் பார்ட்டிஷனை (டிஸ்கில் தனக்கென உள்ள பகுதியை) நகர்த்த முடியாது. விண்டோஸ் இருக்கும் பெரிய என்டிஎஃப்எஸ் பகுதியையும் 500 எம்பி அளவிலான ரிக்கவரி பகுதியையும் நீக்கலாம். ஃபேட்32 என்று 100 முதல் 500 எம்பிக்குள் ஒரு சிறு பகுதி இருக்கும், ஈஎஸ்பி என்று குறி போட்டிருக்கும். விண்டோஸ் உருவாக்கியது என்பதால் அதையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள். மின்ட்டின் பூட் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அதைத் தொடாதீர்கள்.

காலியிடம் மின்ட் பகுதிக்கு இடப்பக்கம் இருக்கும். மின்ட் பகுதியை இடப்பக்கமாக நீட்டினால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் நகர வேண்டும். மணிக்கணக்கில் ஆகும், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போகும். அதைவிட அந்தக் காலியிடத்தை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மட் செய்து, டிஸ்க்ஸ் செயலியில் தானாக மவுன்ட் ஆகும்படி (கணினி எழும்போதே இணையும்படி) அமைத்து, படங்களையும் வீடியோக்களையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. கடைசியாக பயாஸ் பட்டியலில் விண்டோஸ் பெயர் இன்னும் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதனால் தொந்தரவு எதுவும் இல்லை.